1979-இல் கட்டிய வீடு, பீங்கான் ஃபியூஸ் போர்டு: மாற்றியே ஆக வேண்டுமா?

அரசலாற்றான் (12 ஜூலை, இரவு 9.40)

கும்பகோணத்தில் அப்பா 1979-இல் கட்டிய ஓட்டு வீடு. பின்கட்டில் மட்டும் பிற்பாடு தளம் போட்டோம். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அம்மா அங்கே தனியாக இருக்கிறார், வயது 68.

ரேழியில் ஒரு தேக்குப் பலகை. அதில் இரும்பு மெயின் சுவிட்ச் ஒன்று, பீங்கான் ஃபியூஸ் கட்டை நான்கு, ஒரு நியூட்ரல் லிங்க் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்கள் கூடும் இடம்). கட்டிய நாளில் நான்கு மின்விசிறி, பத்து விளக்கு, ஒரு ரேடியோ, அவ்வளவுதான் சுமை. இன்று ஃபிரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸி, 1 எச்.பி. மோட்டார், 2 கிலோவாட் கீசர் எல்லாம் அதே பலகையில் தொங்குகின்றன. இந்தக் கோடையில் அம்மா பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு ஒன்றரை டன் ஏசி வாங்கிக் கொடுக்க முடிவு செய்தேன். பிரச்சினை அங்கே தொடங்கியது.

முதலில் வந்த எலக்ட்ரீசியன், "போர்டு, ஒயரிங் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், 46 ஆயிரம்" என்றார். இரண்டாமவர், "எதையும் தொட வேண்டாம். ஏசிக்குத் தனி ஒயர் இழுத்து, பழைய கட்டைகளை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் 32 ஆம்பியர் ட்ரிப்பர் (சுமை மிஞ்சினால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்ச்) போட்டுவிடுகிறேன், 6 ஆயிரம்" என்றார். இருவருமே இருபது வருட அனுபவக்காரர்கள்.

மோட்டார் போட்டால் விளக்கு மங்குகிறது. மூன்றாவது கட்டையின் பீங்கான் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. போன தீபாவளிக்கு இரண்டு முறை ஃபியூஸ் போனது. யார் சொல்வதைக் கேட்பது?

நாலுகட்டு (12 ஜூலை, இரவு 10.15)

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டிலும் இதே பீங்கான் கட்டைதான். ஐம்பது வருடமாக எரிகிறது விளக்கு; வீடு எரியவில்லை. ஃபியூஸ் போனால் மூன்று ரூபாய்க் கம்பி, இரண்டு நிமிட வேலை. எம்.சி.பி. பழுதானால் கடைக்கு ஓட வேண்டும். புதிய பெட்டி போடச் சொல்பவர்களில் பாதிப்பேருக்கு அதில் கமிஷன் இருக்கிறது. ஏசிக்கு மட்டும் தனி லைன் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பழைய வயர்மேன் (13 ஜூலை, காலை 6.05)

தம்பி, பெட்டியைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்தப் பலகைக்குப் பின்னால் ஓடுவது என்ன ஒயர்? அதை இருவரில் யாராவது பார்த்தார்களா? பார்க்காமல் விலை சொன்னவர் 46 சொன்னாலும் 6 சொன்னாலும் எனக்கு ஒன்றுதான்.

நாலுகட்டு ஐயா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஃபியூஸ் மோசமான சாதனம் இல்லை. 5 ஆம்பியர் லைனுக்கு 0.2 மில்லிமீட்டர் கம்பி, 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர் என்று அளவோடு போட்டால் அது தன் வேலையைச் செய்யும். ஆனால் நான் ஊர் ஊராகப் போய்ப் பிரித்த கட்டைகளில் அந்த அளவுக் கம்பி இருந்தது அபூர்வம். இரவு எட்டு மணிக்கு ஃபியூஸ் போகும். வீட்டில் ஃபியூஸ் கம்பி இருக்காது. ஏதாவது ஒரு ஒயரைச் சீவி மூன்று இழையை முறுக்கிப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவே போகாது. போகாத ஃபியூஸைப் பார்த்து வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார்.

இனி அந்த 32 ஆம்பியர் யோசனை. அந்தக் காலத்து வீடுகளில் விளக்கு லைனுக்கு 1/18 ஒயர் (18 கேஜில் ஒரு இழை), பவர் பிளக்குக்கு 3/20 (20 கேஜில் மூன்று இழை). இன்றைய கணக்கில் முதலாவது சுமார் 1.2 சதுர மில்லிமீட்டர், இரண்டாவது சுமார் 2. அந்த 1/18 ஒயர் பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் தாங்கும், அதுவும் புதிதாக இருந்தபோது. 32 ஆம்பியர் எம்.சி.பி. 36 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் ஓடினாலும் விழாது. 46 ஆம்பியர் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும் என்பது தரநிர்ணயம். அப்படியென்றால் ஒயர் உருகி, மரச்சட்டம் கருகி, புகை வந்த பிறகும் ட்ரிப்பர் கைகட்டிக்கொண்டு நிற்கும். பீங்கான் கட்டையையே விட்டுவைப்பது அதைவிட மேல்.

எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை; ஏசியை அல்ல. ஒயர் எவ்வளவு தாங்குமோ அதற்குத் தக்க எம்.சி.பி. விளக்குக்கு 6 அல்லது 10, பிளக்குக்கு 16, கீசருக்கும் ஏசிக்கும் தனித்தனியே 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்து 16 அல்லது 20. கடையில் "சி" வகை என்று கேட்டு வாங்குங்கள். மோட்டார், ஏசி கிளம்பும்போது இழுக்கும் அந்த ஒரு நொடி மின்சாரத்துக்கு "பி" வகை வீணாக விழும்.

பழுப்புக் கறை என்றீர்களே, எனக்கு அதுதான் கவலை. சுமை கூடியதால் வந்ததாகவும் இருக்கலாம், திருகு தளர்ந்து வந்ததாகவும் இருக்கலாம். ஆள் வந்து பார்க்கும்வரை அந்தக் கட்டையில் இருக்கும் பிளக்கில் பெரிய சாமான் எதையும் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்கள் போய்த் திறந்து பார்க்கவும் வேண்டாம். மெயினை அணைத்தாலும் மெயினுக்கு மேலே வரும் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். இது தெரியாமல் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

எண்கணக்கு (13 ஜூலை, காலை 8.30)

கூட்டிப் பார்ப்போம். 230 வோல்ட்டில் கீசர் 8.7 ஆம்பியர், ஏசி 8, மோட்டார் 6, இஸ்திரிப் பெட்டி 4.3, மிக்ஸி 3.3, கிரைண்டரும் ஃபிரிட்ஜும் சேர்ந்து 2, விளக்கும் விசிறியும் 3. மொத்தம் 35 ஆம்பியர் சொச்சம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது, உண்மை. ஆனால் சித்திரை மாதக் காலை ஆறரை மணியை நினைத்துப் பாருங்கள்: தொட்டிக்கு மோட்டார், குளிக்கக் கீசர், சட்னிக்கு மிக்ஸி, இரவிலிருந்து அணைக்காத ஏசி. 26 ஆகிவிட்டது. உங்கள் இரும்பு மெயின் சுவிட்ச் 30 ஆம்பியராகத்தான் இருக்க வேண்டும், அதுவும் நாற்பத்தைந்து வயதான சுவிட்ச்.

ஆகவே சுமைக்காக மாற்ற வேண்டும் என்பது சரிதான். ஆனால் நான் மாற்றச் சொல்வது வேறு காரணத்துக்காக. எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் கம்பி, அதைப் பற்றி யாராவது கேட்டார்களா?

மாடிவீட்டுக்காரி (13 ஜூலை, பகல் 1.20)

கேட்கவேண்டியதே அதுதான். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

திருச்சியில் மாமனார் கட்டிய வீடு. எம்.சி.பி. பெட்டியெல்லாம் போட்டாகிவிட்டது, ஆகவே பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். குளியலறையைப் புதுப்பித்தோம்: துருப்பிடித்த இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டு பி.வி.சி. குழாய், புது ஓடு, எல்லாம் அழகாக முடிந்தது. மூன்றாவது மாதம் என் மகள் குழாயைத் தொட்டவள் அலறிக்கொண்டு வெளியே வந்தாள். கீசரின் உள்ளே இருக்கும் ஹீட்டர் பழுதாகி, தண்ணீரிலும் உலோக உடம்பிலும் மின்சாரம் இறங்கியிருந்தது. எம்.சி.பி. விழவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பிற்பாடு வந்து பார்த்தவர் சொன்னார்: பழைய வீட்டில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில்தான் சுற்றி வைத்திருந்தார்களாம். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போனதால் அதுவே எர்த்தாக இருந்திருக்கிறது. பிளம்பர் இரும்பை வெட்டி பி.வி.சி. போட்ட அன்றே வீட்டின் எர்த் போய்விட்டது. பிளம்பருக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மகள் செருப்புப் போட்டிருந்தாள். அதற்கு மேல் இதை எழுத என்னால் முடியவில்லை.

எண்கணக்கு (13 ஜூலை, பகல் 2.10)

அக்கா எழுதியதற்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன். எர்த் இருந்திருந்தாலும் அந்த எம்.சி.பி. விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

நம் வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் கொல்லையில் நாமே தோண்டிய குழி. கரியும் உப்பும் போட்டு ஒரு குழாயை இறக்குகிறோம். பிறகு அதில் தண்ணீர் ஊற்றுவதை மறந்துவிடுகிறோம். கோடையில் மண் காய்ந்து அதன் மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீசர் உடம்பில் 230 வோல்ட் இறங்கினால் மண்ணுக்குள் பாயும் மின்சாரம் 230 வகுத்தல் 20, அதாவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரணச் சுமை, 15 ஆம்பியர் ஃபியூஸுக்கும் அப்படியே. இரண்டுமே அசையாது. உடம்பில் மின்சாரத்தோடு கீசர் தொங்கிக்கொண்டிருக்கும்.

அங்கே காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. ஒன்றுதான். போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று அது பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் முப்பத்து மூன்றில் ஒரு பங்கு வழிதவறினாலே அறுத்துவிடும். சுமை கூடினால் அது விழாது, அதற்கு எம்.சி.பி. வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பதில் ஆகாது. கட்டிலின் மேல் நின்றுகொண்டு ஒரு கையில் மின்சாரம் வரும் ஃபேஸும் மறு கையில் அது திரும்பும் நியூட்ரலும் பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது; உங்களை ஒரு பல்பு என்றுதான் நினைக்கும்.

அரசலாற்றான், அந்தத் தேக்குப் பலகையில் இது இல்லை. என்னைக் கேட்டால் ஏசி வாங்காவிட்டாலும் மாற்ற வேண்டும் என்பேன்.

நாலுகட்டு (13 ஜூலை, மாலை 6.45)

ஆர்.சி.சி.பி. புராணம் கேட்டாயிற்று. என் மைத்துனர் வீட்டில் அது போட்ட நாளிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை காரணமே இல்லாமல் விழுந்தது. வெளியூர் போயிருந்தபோது விழுந்து ஃபிரிட்ஜில் இருந்த மீன் நாறி, கடைசியில் எலக்ட்ரீசியனே அதைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்துவிட்டார். இப்போது பெட்டியில் அலங்காரமாக இருக்கிறது.

பழைய வயர்மேன் (13 ஜூலை, இரவு 8.50)

மைத்துனர் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா ஐயா?

நாலுகட்டு (13 ஜூலை, இரவு 9.02)

இருக்கிறது. அதற்கென்ன?

பழைய வயர்மேன் (13 ஜூலை, இரவு 9.30)

அதுதான் காரணமாக இருக்க வேண்டும். பழைய வீட்டில் இன்வெர்ட்டர் மாட்டுகிறவர் ஃபேஸை மட்டும் பிரிப்பார். நியூட்ரலை எல்லா லைனுக்கும் பொதுவாகவே விட்டுவிடுவார். ஃபியூஸ் போர்டு அதற்கு ஒரு குற்றமும் சொல்லாது. ஆர்.சி.சி.பி. வந்ததும், தன் வழியாகப் போன மின்சாரம் வேறு நியூட்ரல் வழியாகத் திரும்புவதைப் பார்த்துவிட்டு "எங்கோ கசிகிறது" என்று விழுந்துவிடும். குறை ஆர்.சி.சி.பி.யில் இல்லை, நியூட்ரலைப் பிரிக்காத சோம்பலில். ஒரு முழு நாள் உட்கார்ந்து லைன் லைனாக நியூட்ரலைத் தேடிப் பிரிக்க வேண்டும். அந்த வேலைக்கு யாரும் சரியான கூலி கொடுப்பதில்லை. ஆகவே யாரும் செய்வதில்லை.

இன்னொன்று. மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மெயினில் இருக்கும் ஆர்.சி.சி.பி. காவலுக்கு வராது. இன்வெர்ட்டருக்குப் பின்னால் அந்த லைன்களுக்கென்று தனியாக ஒன்று போட வேண்டும்.

மீன் நாறியதற்கும் வழி இருக்கிறது. வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. போடாமல் இரண்டாகப் பிரியுங்கள்: குளியலறை, சமையலறை, மோட்டார், வெளிவிளக்கு ஒன்றில், ஃபிரிட்ஜ், அறை விளக்குகள் இன்னொன்றில். மழையில் சுவர் ஊறி ஒன்று விழுந்தாலும் வீடு இருட்டாகாது.

கொங்குக்காற்று (14 ஜூலை, காலை 7.15)

மூன்று ஃபேஸ் இணைப்பு வாங்கிவிட்டால் எல்லாம் தீரும் என்று யாராவது சொல்வார்கள். சொல்வதற்கு முன் நான் பட்டதைக் கேளுங்கள்.

கோவையில் எங்கள் வீடு மூன்று ஃபேஸ். ஒரு காற்று மழை இரவில் நியூட்ரல் மட்டும் அறுந்தது. டிவி, செட்டாப் பாக்ஸ், ஃபிரிட்ஜ் போர்டு, இரண்டு எல்.இ.டி. விளக்கு எல்லாம் ஒரே மூச்சில் போயின. நியூட்ரல் இல்லாதபோது ஒரு ஃபேஸில் இருக்கும் சாமானும் அடுத்த ஃபேஸில் இருக்கும் சாமானும் வரிசையாகக் கோத்ததுபோல் ஆகிவிடுகின்றன. இடையில் 400 வோல்ட். சுமை குறைந்த பக்கம் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டு எரிந்துவிடும். இப்போது ஓவர் வோல்ட்டேஜ் வந்தால் அறுக்கும் சாதனம் போட்டிருக்கிறேன்.

மூன்று ஃபேஸ் வீடுகளில் இன்னொரு கெட்ட பழக்கம்: ஒரு ஃபேஸ் போனால் சேஞ்ச் ஓவரை (ஃபேஸ் மாற்றும் சுவிட்சை) திருகி எல்லா லைனையும் இருக்கிற ஒரே ஃபேஸில் ஏற்றுவது. மூன்று பேர் தூக்கிய மூட்டையை ஒருவன் தலையில் வைப்பது போல. அம்மா ஒருவர் வாழும் வீட்டுக்கு, ஓர் ஏசி, ஒரு கீசருக்கு, ஒற்றை ஃபேஸே போதும் என்பது என் எண்ணம். இரண்டாவது ஏசி, வீட்டிலேயே மின்சாரக் காருக்கு 7 கிலோவாட் சார்ஜர் என்று போனால் அப்போது மூன்று ஃபேஸ் பற்றி யோசியுங்கள். அந்தச் சார்ஜர் ஒன்றே 32 ஆம்பியர் இழுக்கும்.

மாடிவீட்டுக்காரி (14 ஜூலை, காலை 11.00)

காகித வேலையை மறந்துவிடாதீர்கள். மின்வாரியத்தில் உங்கள் இணைப்புக்கு அனுமதித்த சுமை எவ்வளவு என்று பாருங்கள். அந்தக் காலத்து இணைப்பில் 1 கிலோவாட் என்று இருந்தாலும் ஆச்சரியமில்லை. கூடுதல் சுமைக்கு விண்ணப்பித்துப் பணம் கட்டினால் முடிந்தது. மீட்டர், கட் அவுட் (வாரியத்தின் ஃபியூஸ்), அவற்றின் சீல் எல்லாம் வாரியத்தின் சொத்து. மெயின் சுவிட்சிலிருந்து இந்தப் பக்கம்தான் நம்முடையது. "சீலை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் எலக்ட்ரீசியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உரிமம் வைத்திருப்பவரிடம் வேலையைக் கொடுங்கள், மெக்கர் (ஒயர் உறையின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு லைனையும் சோதித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் சோதிக்கவில்லை என்று பொருள்.

அரசலாற்றான் (29 ஜூலை, இரவு 10.20)

ஊருக்குப் போய் வந்தேன். மூன்றாவதாக, உரிமம் பெற்ற ஒருவரை அழைத்தேன். வந்தவர் விலை பேசாமல் முதலில் கொல்லைக்குப் போய் எர்த் குழியைத் தேடினார். அது இருந்த இடத்தில் அம்மா கருவேப்பிலை வளர்த்துக்கொண்டிருக்கிறார். அடியில் கம்பி இருந்தது. அரிக்கப்பட்டு, தொட்டதும் கையோடு வந்தது.

மூன்றாவது கட்டையின் மர்மமும் தெரிந்தது. அப்பா போட்ட ஒயர் அலுமினியம். பின்கட்டுக்குத் தளம் போட்டபோது யாரோ செம்பு ஒயரை அதோடு முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். அந்த முறுக்கு கருகி, டேப் பொடியாகி, பக்கத்திலிருந்த மரச்சட்டமும் கொஞ்சம் தீய்ந்திருந்தது. பலகையைக் கழற்றியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மெக்கர் சோதனையில் இரண்டு அறைகளின் விளக்கு லைன்கள் தேறின. கூடம் 0.2 மெகாஓம், சமையலறை அதைவிடக் குறைவு. 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் வைக்க வேண்டாம் என்றார்.

பழைய வயர்மேன் (30 ஜூலை, காலை 5.55)

நல்ல ஆள் கிடைத்திருக்கிறார், விடாதீர்கள். இழுத்துப் பார்த்துவிட்டு வெள்ளையாகத் தெரிவதெல்லாம் அலுமினியம் என்று முடிவு கட்டவும் கூடாது. ரப்பர் உறை போட்ட பழைய ஒயரில் செம்புக்கே வெள்ளீயம் பூசியிருப்பார்கள், ரப்பரில் இருக்கும் கந்தகம் செம்பைத் தின்னாமல் இருக்க. கத்தியால் சுரண்டினால் சிவப்புத் தெரியும். உங்களுடையது சுரண்டியும் வெள்ளையென்றால் அலுமினியமேதான். தேறிய அந்த இரண்டு லைன்களுக்கும் 6 ஆம்பியருக்கு மேல் போட விடாதீர்கள். அலுமினியம் திருகுக்குள் நாளாக ஆக நசுங்கித் தளரும். வருடம் ஒருமுறை யாரையாவது விட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

அரசலாற்றான் (3 நவம்பர், மாலை 5.30)

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆகஸ்டில் வேலை முடிந்தது. புது எர்த் குழி, கருவேப்பிலைக்கு ஆறடி தள்ளி. சமையலறை, குளியலறை, கூடம் மூன்றுக்கும் புதிய செம்பு ஒயர். ஏசி, கீசர், மோட்டாருக்குத் தனித்தனி லைன். மெயினில் 40 ஆம்பியர் டபுள் போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அறுப்பது), அதற்குப் பின் இரண்டு ஆர்.சி.சி.பி. மொத்தம் 38 ஆயிரம் ஆனது. முதலாமவர் கேட்டதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று எனக்கே தோன்றியது. ஆனால் அவர் எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஐப்பசியின் முதல் பெருமழை இரவில் ஒரு ஆர்.சி.சி.பி. விழுந்தது. அம்மா தொலைபேசியில் அழைத்து, "உன் முப்பத்தெட்டாயிரம் படுத்துவிட்டது" என்றார். அந்தப் பக்க எம்.சி.பி.க்களை எல்லாம் கீழே இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். திண்ணை விளக்கைப் போட்டதும் விழுந்தது. மறுநாள் பார்த்தால் ஹோல்டருக்குள் தண்ணீர். இந்த விளக்கின் சுவிட்சை மழையில் எத்தனை வருடம் ஈரக்கையோடு தொட்டிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தேன்.

சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்த வேண்டுமல்லவா? அம்மா அதைத் தமிழ் மாதப் பிறப்பன்று கோலம் போட்ட கையோடு செய்துவிடுகிறார். டக்கென்று விழுந்தால் மாதம் நன்றாக இருக்கும் என்று கணக்காம்.

நாலுகட்டு (3 நவம்பர், இரவு 7.10)

மகிழ்ச்சி. மைத்துனர் வீட்டிலும் நியூட்ரலைப் பிரிக்க ஆள் வந்துகொண்டிருக்கிறார். இரண்டு நாளாகத் தேடுகிறார். அது இருக்கட்டும், கழற்றிய பீங்கான் கட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? எனக்கு இரண்டு வேண்டும். இப்போது அந்தத் தரத்தில் கிடைப்பதில்லை.

பழைய வயர்மேன் (3 நவம்பர், இரவு 7.25)

அதில் என்ன கம்பி போடப் போகிறீர்கள் ஐயா? முதலில் அதைச் சொல்லுங்கள்.